புரியாத சிற்பத்துக்கு முன்னால் நின்று என்ன செய்வது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன், சரிதானா என்று பாருங்கள். லீவில் குடும்பத்தோடு நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போயிருக்கிறீர்கள். வேளியில் சிற்பங்கள் இருக்கிற பூங்காவைச் சுற்றிவிட்டு, சங்குமுகம் கடற்கரையில் படுத்துக் கிடக்கிற அந்தப் பெரிய கடல்கன்னியையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள். மகள் ஒவ்வொன்றையும் காட்டி "இது என்னதும்மா?" என்று கேட்க, உங்களுக்குப் பதில் வரவில்லை. மாமனார், "சுசீந்திரத்தில் இருக்கிறதுதான் சிற்பம், இது சும்மா சிமென்டைக் குழைத்து வைத்தது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். இதையெல்லாம் புரிந்துகொள்ள என்ன படிக்க வேண்டும், ஏதாவது புத்தகம் சொல்லுங்கள் என்பது உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்தபோது, உங்களை உறுத்துவது புத்தகம் இல்லாத குறை இல்லை என்று பட்டது. ஒன்றும் தெரியாமல் போய் நிற்கிற தனக்கு அதைப் பற்றி எதையாவது நினைக்கவோ சொல்லவோ தகுதி உண்டா என்பதுதான் உள்ளே ஓடுகிற கேள்வி. தாராளமாக உண்டு. புத்தகம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு வேண்டாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சென்னையில் சிற்பம் படித்து, அப்புறம் நம் மாவட்டத்துப் பள்ளிகளிலேயே டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மயிலாடியில் கல் பட்டறைகளில் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது பல வருடப் பழக்கம். ஆகவே கல், மண், சிமென்ட், வெண்கலம் இவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். மின்விளக்கும் சத்தமும் திரையும் வைத்துச் செய்கிற இன்றைய வேலைகளைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் அதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாமனாருக்கு. அவர் சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் அவர் ஒரு ஒப்பீட்டோடு பேசுகிறார், அதுவே பாதிக் கிணறு தாண்டின மாதிரி. ஆனால் சுசீந்திரம் கோயில் வாசலில் நின்று அவர் அண்ணாந்து பார்க்கிற ராஜகோபுரம் ஏழு நிலை, சுமார் 134 அடி. மேலே நிலை நிலையாக நிற்கிற அத்தனை உருவமும் கல்லில் செதுக்கியது இல்லை. செங்கலை வைத்து, சாந்தை அப்பி, கரண்டியாலும் விரலாலும் இழுத்து உருட்டி எடுத்த சுதை. கல்லில் வேலை செய்கிறவர் வேண்டாததை வெட்டி எறிந்து உருவத்துக்குப் போகிறார். சுதை செய்கிறவர் ஒன்றும் இல்லாத இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போகிறார். சங்குமுகத்தில் கம்பி கட்டி சிமென்ட் அப்பிச் செய்ததும் இந்த இரண்டாவது வகைதான். கூலி, கருவி, காலம் எல்லாம் வேறு, கை வேலை ஒரே குடும்பம். அந்தக் கடல்கன்னியைச் செய்தவர் கானாயி குஞ்ஞிராமன். காசர்கோடு பக்கத்துக்காரர், சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் படித்தவர், பிறகு லண்டனில் ஸ்லேட் கலைப் பள்ளியில் படித்தார். மலம்புழை அணைப் பூங்காவில் 1969-இல் அவர் செய்த யட்சி இன்றைக்கும் பேசப்படுகிறது. வேளியில் நீங்கள் பார்த்த பெரிய சங்கும் அவர் வேலைதான். கன்னி மட்டும் 87 அடி நீளம். இத்தனை பெரியதைச் "சும்மா குழைத்து" வைக்க முடியாது என்பதையாவது மாமனார் ஒத்துக்கொள்வார்.

இனி பார்க்கிற விஷயம். திறந்தவெளிச் சிற்பத்துக்கு முன்னால் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: நேராகப் போய் முன்னால் நிற்பது, போனை எடுப்பது, பெயர்ப்பலகையைத் தேடுவது, "என்ன அர்த்தம்?" என்று கேட்டுக்கொண்டு அடுத்ததற்கு நகர்வது. சுவரில் மாட்டிய படத்துக்கு இது ஓரளவு போதும். வெட்டவெளியில் நிற்கிற பொருளுக்குப் போதாது, ஏனென்றால் அதைச் செய்தவர் உங்கள் கண்ணுக்கு மட்டும் செய்யவில்லை, காலுக்கும் சேர்த்துச் செய்திருக்கிறார். நடக்க வேண்டும். தூரத்தில் இருந்து ஒரு தடவை, கிட்டே போய் ஒரு தடவை, சுற்றி ஒரு தடவை. பின்பக்கத்தைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். செய்தவர் எவ்வளவு அக்கறை எடுத்தார் என்பது பின்பக்கத்தில் தெரிந்துவிடும். நிறைய பேர் முன்பக்கத்தோடு பணம் தீர்ந்தது போல நிறுத்தியிருப்பார்கள்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு, கட்டடக் கலைக்காரர்களிடம் இருந்து வந்தது. பொருளின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தில் நின்றால் தலையை நிமிர்த்தித்தான் உச்சியைப் பார்க்க முடியும், விவரங்கள் தெரியும், முழுசு தெரியாது. இரண்டு மடங்கு தூரத்தில் நின்றால் மொத்த உருவமும் கண்ணுக்குள் அடங்கும். மூன்று மடங்கு போனால் சுற்றுப்புறத்தோடு சேர்ந்து தெரிய ஆரம்பிக்கும். இதை நம் ஊரிலேயே சோதித்துப் பார்க்கலாம். கன்னியாகுமரியில் வள்ளுவர் பீடத்தோடு சேர்த்து 133 அடி. இரண்டு மடங்கு என்றால் 266 அடி. 2024 டிசம்பர் வரைக்கும் அந்தத் தூரத்தில் நிற்க வேண்டுமானால் பெரும்பாலும் கடலில்தான் நிற்க வேண்டும், படகு அந்த இடத்தைக் கடந்து போகிற சில நொடிகள்தான் கிடைக்கும். இப்போது விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் பாறைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் வந்துவிட்டது. பாலத்தின் நீளம் 77 மீட்டர், அதாவது சுமார் 250 அடி. ஆகவே விவேகானந்தர் பக்கத்து முனையில், பாலத்துக்குள் கால் வைக்கும் முன்னால், ஒதுங்கி நின்று பாருங்கள். எல்லோரும் கண்ணாடிக்குக் கீழே அலையைக் குனிந்து பார்த்துக்கொண்டு போவார்கள், நீங்கள் நிமிர்ந்து வள்ளுவரைப் பாருங்கள். அப்புறம் பாலத்தில் நடக்க நடக்க அவர் எப்படி மாறுகிறார் என்பதைக் கவனியுங்கள். பாதிப் பாலத்தில் முகம் இருந்த அளவு, பாறையில் போய் ஏறினதும் இருக்காது. காலடியில் நின்று அண்ணாந்தால் பாதமும் முழங்காலும் பெரிதாகி, முகம் எங்கோ மேலே சின்னதாகப் போயிருக்கும். பிரம்மாண்டமான சிலை எதற்கும் இந்தச் சங்கடம் உண்டு.

வள்ளுவர் என்றதும் எல்லோரும் கணக்கைச் சொல்வார்கள்: பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரம், சிலை 95 அடி, பொருளுக்கும் இன்பத்துக்கும். மூன்று விரல் மேலே காட்டுவது முப்பால். இதெல்லாம் சரியான தகவல், சந்தேகமே வேண்டாம். ஆனால் இதைத் தெரிந்துகொண்டதும் பார்த்து முடித்த மாதிரி ஆகிவிடுகிறது, அதுதான் தொல்லை. கணபதி ஸ்தபதி அந்தச் சிலையில் செய்த பெரிய காரியம் கணக்கில் இல்லை, இடுப்பில் இருக்கிறது. படகு பக்கவாட்டில் திரும்பும்போது பாருங்கள், உடம்பு நேர்க்கோடாக இல்லை. இடுப்பு ஒரு பக்கம் ஒதுங்கி, மேலுடம்பு லேசாக எதிர்ப்பக்கம் போய், தலை மறுபடி நடுவுக்கு வருகிறது. ஆடுகிற நடராஜரின் ஒசிவை நினைவுபடுத்துகிற வளைவு, ஆனால் அடக்கம். யாரும் பார்க்காத நேரத்தில் நீங்களே ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மற்ற முழங்காலைத் தளர்த்தி நின்று பாருங்கள். இடுப்பு தானாக நகரும், தோள் எதிர்ப்பக்கம் சரியும். உங்கள் மகளைச் செய்யச் சொன்னால் கேட்கவே வேண்டாம், உடனே செய்வாள். நான் வகுப்பில் பிள்ளைகளை இப்படி நிற்க வைத்துவிட்டுத்தான் சிலையைப் பற்றிப் பேசுவேன். உடம்பு ஒரு முறை செய்து பார்த்ததைக் கண் பிறகு எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கல் மேலிருந்து அழுத்துகிற பாரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். இழுத்தாலும் வளைத்தாலும் தாங்காது, பட்டென்று போய்விடும். அதனால்தான் நம் கோயில் கற்சிலைகளில் கைகள் உடம்பை ஒட்டியே இருக்கும், விலகிப் போகிற இடத்தில் பின்னால் கல்லை விட்டு வைத்திருப்பார்கள். பெரிய அனுமார் கைகூப்பி நிற்பது பக்திக்காக மட்டும் இல்லை, கல்லுக்கும் அது வசதி. அப்படிப்பட்ட கல்லை அடுக்கிக் கட்டி, உள்ளே வெற்றிடம் விட்டு, மொத்தம் சுமார் 7,000 டன் எடையில், கடல் காற்றுக்கு நடுவே ஒரு உருவத்தை இடுப்பொசிய நிறுத்துவது என்றால் அது தைரியம். 1979-இல் அடிக்கல் நாட்டி, 1990-இல் வேலை தொடங்கி, 2000 ஜனவரி 1-ஆம் தேதி திறந்தார்கள். 2004 சுனாமியிலும் நின்றது. நேராக நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் வேலை குறைந்திருக்கும். நேராக இருந்திருந்தால் அது தூணாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். பீடம் உயரம் ஜாஸ்தி, அதனால் தூரத்தில் இருந்து ஆள் கொஞ்சம் கட்டையாகத் தெரிகிறார் என்று நான் நினைக்கிறேன், அதுவும் அபிப்பிராயம்தான். ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு.

ஆக, எந்தச் சிற்பத்துக்கு முன்னால் நின்றாலும், அர்த்தத்துக்கு முன்னால் கேட்கத்தக்க கேள்வி, இது எதால் ஆனது, அந்தப் பொருள் எதைச் செய்ய விட்டது, எதைச் செய்ய விடவில்லை என்பது. வெண்கலத்துக்குக் கல்லின் பயம் கிடையாது. சென்னை மெரினாவில் 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீர்கள், தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நாலு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். காலும் கையும் முதுகும் நாலா பக்கமும் இழுபடுகிறது, உடம்புகளுக்கு நடுவே காற்று புகுந்து போகிற சந்து இருக்கிறது. அதே உருவத்தைக் கருங்கல்லில் அப்படியே செய்ய முடியாது. சிமென்டுக்குள் கம்பி வைத்தால் இழுவையையும் தாங்கும், அதனால் கடல்கன்னியை நீளமாகப் படுக்கப் போட முடிந்தது. ஆனால் அதற்கு வேறு வியாதி. உப்புக் காற்று வெடிப்பு வழியாக உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துருப்பிடித்த கம்பி பருத்து மேலே இருக்கிற சிமென்டைத் தள்ளிப் பிளக்கும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு வீட்டு சன்ஷேடில் இது பழகின சங்கதி. அடுத்த முறை சிமென்ட் சிற்பத்துக்குக் கிட்டே போகும்போது செம்பழுப்பாக ஒரு கோடு வழிந்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் உள்ளே கம்பி வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இதைச் சொல்லக் கலைப் படிப்பு வேண்டாம். கொத்தனார் கூட வந்திருந்தால் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

வெளிச்சம் அடுத்தது. மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் போய்விட்டு "ஒன்றுமே தெரியவில்லை" என்றால் சிற்பத்தைக் குறை சொல்ல முடியாது. உச்சி வெயிலில் மூக்கு, புருவம், மடிப்பு எல்லாவற்றுக்கும் கீழே குட்டையாகக் கறுத்த நிழல் விழுந்து மீதி எல்லாம் வெளுத்துப் போகும். காலை எட்டு மணி வெயிலும் மாலை நாலரை மணி வெயிலும் சாய்ந்து வருடிக்கொண்டு வருவதால் சின்ன மேடு பள்ளம்கூடத் தெரியும். முழு உருவச் சிற்பத்தைவிட, பாறையை விட்டுப் பிரியாமல் லேசாக எழும்பி நிற்கிற புடைப்புச் சிற்பத்துக்கு இது உயிர். நம்பிக்கை இல்லாவிட்டால் சிதறால் மலைக்கு இரண்டு வேளையில் போய்ப் பாருங்கள். மார்த்தாண்டத்தில் இருந்து பக்கம்தான், ஏழு கிலோமீட்டர் இருக்கும். என்னைக் கேட்டால் நம் மாவட்டத்தின் மிகப் பழைய திறந்தவெளிச் சிற்பக்கூடம் அதுதான், டிக்கெட் கவுண்டரும் பெயர்ப்பலகையும் வைத்த பூங்காவாக நாம் நினைக்காததால் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மேலே, முன்னால் தள்ளி நிற்கிற ஒரு பெரிய பாறையின் அடியில், வரிசையாகச் சமண மதத்துத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் கையகல முழ உயர உருவங்கள், தலைக்கு மேல் மூன்று அடுக்காக முக்குடை, கால் மடக்கி உட்கார்ந்த கோலம், கீழே வட்டெழுத்து என்கிற பழைய எழுத்தில் யார் செய்வித்தார் என்கிற குறிப்பு. ஒன்பதாம் நூற்றாண்டு. ஆய் மன்னன் விக்கிரமாதித்ய வரகுணன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பதிமூன்றாம் நூற்றாண்டு வாக்கில் அது பகவதி கோயிலாக மாறியது. அந்த வரிசையில் ஒரு பெண் தெய்வம் நிற்கிறாள், பக்கத்தில் பிள்ளைகள், ஒரு சிங்கம். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் மற்றவர்களை எல்லாம் விட்டுவிட்டு இவளிடம்தான் முதலில் நிறுத்துவேன். தீர்த்தங்கரர்களில் பெரும்பாலோர் அசையாமல் உள்ளே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் காலில் பாரத்தை மாற்றிப் போட்டு, நம் வீட்டுப் பெண் வாசலில் நிற்கிற மாதிரி நிற்கிறாள். பாறையில் எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறார்கள் என்று பக்கவாட்டில் போய்ப் பாருங்கள், அவ்வளவு கொஞ்ச ஆழத்தில் ஒரு உடம்பின் கனம் வந்திருக்கிறது. முன்னால் இருந்து பார்த்தால் இது பிடிபடாது.

இங்கேதான் நிச்சயம் எது, சந்தேகம் எது, தெரியவே வழியில்லாதது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவை சமணச் சிற்பங்கள் என்பது நிச்சயம். காலம், கல்வெட்டு எல்லாம் நிச்சயம். அந்தப் பெண் யார்? ஊரிலும் சில பலகைகளிலும் பத்மாவதி என்பார்கள். சிங்கமும் பிள்ளைகளும் இருப்பதால் அம்பிகை (இதுவும் சமணத் தெய்வம்தான்) என்பவர்கள் சிற்ப இலக்கணப்படி வலுவான கட்சி, பத்மாவதிக்கு அடையாளம் பாம்பு. நான் அம்பிகை பக்கம். ஆனால் அவளைச் செதுக்கியவருக்கு என்ன மனநிலை, அந்த நிற்கிற விதத்தில் அவர் என்ன சொல்ல வந்தார் என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அது யாருக்கும் தெரிய வழியில்லை. உயிரோடு இருக்கிற சிற்பி தானே எழுதி வைத்தாலும், அது அவர் செய்ய நினைத்தது, செய்து முடித்தது வேறாக இருக்கலாம். வேளியில் உங்களை மிரட்டியது இந்த மூன்றாவது வகைக் கேள்விதான் என்று நினைக்கிறேன். யாருக்கும் விடை தெரியாத கேள்விக்கு உங்களுக்கு விடை தெரியவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள்.

இன்னொரு விஷயம், திறந்தவெளியில் சிற்பத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பது. மியூசியத்துக்குள் பீடத்தோடு முடிந்துவிடும். வெளியில் வானம், மரம், கடல், பக்கத்துப் பெட்டிக்கடை எல்லாம் உள்ளே வந்துவிடும். இது வெறும் தத்துவம் இல்லை, சண்டையே நடந்திருக்கிறது. சங்குமுகத்தில் கடல்கன்னிக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய விமானப்படை ஹெலிகாப்டரைக் காட்சிக்குக் கொண்டு வந்து வைத்தார்கள். கானாயி கடுமையாக எதிர்த்தார். கன்னியை யாரும் தொடவில்லையே, ஒரு கீறல்கூட இல்லையே, பின்னே என்ன என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் நீளமாக, தாழ்ந்து படுத்திருக்கிற ஒரு உருவத்துக்குப் பக்கத்தில் விசிறி இறக்கையோடு ஒரு இயந்திரம் நின்றால் கண் எதைப் பார்க்கும்? 2022-இல் கேரள அரசு அவருக்குக் கேரள ஸ்ரீ விருது அறிவித்தபோது, சங்குமுகத்திலும் வேளியிலும் தன் சிற்பங்களுக்கு நேர்ந்ததைச் சரி செய்யாமல் வாங்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். எனக்கு இதில் முழுக்க அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. நீங்கள் போகும்போது சிற்பத்தைச் சுற்றி என்னென்ன புதிதாக முளைத்திருக்கிறது, அது வைக்கும்போது இருந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். வேளிக் காயலும் கடலும் சேருகிற இடத்தில் சங்கை ஏன் வைத்தார் என்ற கேள்விக்கு அங்கே நின்றால் உங்களுக்கே ஏதாவது தோன்றும், தோன்றுவது தப்பாக இருக்காது.

கன்னிக்கு உடுப்பு இல்லை, மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதையும் விட்டுவிட வேண்டாம். கோயில் தூணில் இதைவிட அதிகம் பார்த்திருக்கிறோம், யாரும் முகம் திருப்புவதில்லை, இருட்டும் பழக்கமும் சாமியும் நம்மைக் காப்பாற்றுகின்றன. பட்டப்பகலில், பேரப்பிள்ளை பக்கத்தில் நிற்க, 87 அடி நீளத்தில் பார்த்தால் சங்கடம் வருவது இயல்பு, அந்தச் சங்கடமும் ஒரு எதிர்வினைதான். மகள் கேட்டால் "கடல்கன்னிக்குச் சட்டை எங்கே கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். பிள்ளைகள் அதற்கு மேல் கேட்பதில்லை.

மகளின் "இது என்னது" என்ற கேள்விக்கு வருகிறேன். திருப்பி அவளிடமே, "உனக்கு என்ன தெரியுது, முதல்ல அதைச் சொல்லு" என்று கேளுங்கள். அர்த்தத்தைச் சொல்ல விடாதீர்கள், தெரிகிறதை மட்டும். "வளைஞ்சிருக்கு, உள்ளே ஓட்டை இருக்கு, ஒரு பக்கம் சொரசொரன்னு இருக்கு, இந்தப் பக்கம் வழுவழுன்னு இருக்கு." இப்படி நாலைந்து சொன்ன பிறகு, அது எதை நினைவுபடுத்துகிறது என்று கேளுங்கள். அவள் யானைத் துதிக்கை என்பாள், நீங்கள் மடிந்து கிடக்கிற துணி என்பீர்கள், மாமனார் ஒன்றும் சொல்ல மாட்டார். அப்புறம்தான் பலகையில் பெயரைப் படிக்க வேண்டும். படித்துவிட்டு உடனே நகரக் கூடாது, திரும்பி இன்னொரு முறை பார்க்க வேண்டும், பெயர் கண்ணை மாற்றியிருக்கும். முதலிலேயே படித்துவிட்டால் அந்தப் பெயருக்கு ஏற்றபடிதான் பார்ப்பீர்கள். "பெயரிடாதது" என்று எழுதியிருந்தால் கோபம் வரும், எனக்கும் வரும். சில சிற்பிகள் நல்ல காரணத்தோடு பெயர் வைக்காமல் விடுகிறார்கள், சிலர் சோம்பலில் விடுகிறார்கள், வெளியில் நிற்கிற நமக்குப் பிரித்துச் சொல்ல வழியில்லை. போட்டோ எடுப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்ததும் மனசு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறது.

எல்லாம் செய்தும் பிடிக்கவில்லை என்றால்? பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஆனால் எது என்று சேர்த்துச் சொல்லுங்கள். "நல்லா இல்லை" என்பதோடு நின்றால் பேச்சு அங்கேயே செத்துப்போகும். "கை உடம்போடு ஒட்டவில்லை, பீடம் கனமாக இருக்கிறது, இந்த இடத்தில் இது பொருந்தவில்லை" என்றால் உங்களோடு சண்டை போட ஆள் வரும், அது நல்லது. பொது இடத்தில் வைக்கிற சிற்பம் எல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ரவுண்டானாக்களில் ஃபைபரில் வார்த்துத் தங்கப் பெயின்ட் அடித்து நிறுத்துகிற உருவங்களில் பலவற்றை இரவோடு இரவாக எடுத்துவிட்டால் ஊர் அழகாகும். புரியாதது எல்லாம் ஆழமானது என்கிற மிரட்டலும் வேண்டாம், புரியாதது எல்லாம் ஏமாற்று என்கிற அவசரமும் வேண்டாம். இரண்டாவது தடவை போய்ப் பார்க்கிற ஆசை வருகிறதா என்பது நான் எனக்காக வைத்திருக்கிற சோதனை. மற்றவர்களுக்குப் பொருந்துமா என்பது வேறு.

புத்தகம் கேட்டீர்கள், அதற்குப் பதில் ஒரு சனிக்கிழமை மயிலாடிக்குப் போய் வாருங்கள். அஞ்சுகிராமம் போகிற வழியில் ரோட்டோரத்திலேயே பட்டறைகள் தெரியும். செய்து முடித்த சாமியைவிட, இன்னும் பாதி வேலையில் கிடக்கிற சாமியைப் பாருங்கள்: செங்காவிக் கோடு போட்ட சதுரக் கல், கோட்டுக்கு வெளியே மூலை மட்டும் தட்டி எடுத்தது, முகம் உருண்டையாக வந்து கண் இன்னும் திறக்காதது, இப்படி ஒரே பட்டறையில் எல்லா நிலையும் கிடக்கும். இப்போது பாதி வேலையை மெஷின் பிளேடு செய்துவிடுகிறது, சத்தமும் தூசியும் அதிகம், பிள்ளைக்கு மாஸ்க் போட்டுவிடுங்கள். முகத்துக்கும் விரலுக்கும் இன்னும் உளிதான். உளி ஓடின தடம் குத்துக் குத்தாக இருக்கிற இடத்தையும், தேய்த்து மெருகேற்றின இடத்தையும் விரலால் தொட்டுப் பாருங்கள், அங்கே தொட விடுவார்கள். ஆசாரி கல்லைத் தட்டிக் காட்டி இது ஆண் கல், இது பெண் கல் என்பார். மணி மாதிரி கணீரென்று கேட்டால் ஆண் என்பது மரபு. உள்ளே வெடிப்பு இருக்கிற கல் கணீரென்று ஒலிக்காது, அது பௌதிகம், சந்தேகம் இல்லை. ஆணும் பெண்ணும் மரபின் பாற்பட்டது, அதை நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம், அவரிடம் வாதாடாதீர்கள். மாமனாரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் பேச்சுக்கு அங்கே நல்ல துணை கிடைக்கும்.

சிதறால் போவதானால் வெயில் ஏறும் முன்னால் கிளம்பிவிடுங்கள். கல் பாவின பாதைதான், செங்குத்து இல்லை, வழியில் உட்கார இடமும் உண்டு, இருந்தாலும் மாமனாருக்கு முட்டு வலி இருந்தால் மெதுவாகவே ஏறட்டும். மேலே கடை எதுவும் கிடையாது, தண்ணீர் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பாறையில் இருக்கிற உருவங்களைத் தொட வேண்டாம், எண்ணெய், குங்குமம் எதுவும் வேண்டாம். டார்ச் ஒன்று கொண்டு போனால், நேராக அடிக்காமல் பக்கத்தில் இருந்து சாய்த்து அடித்துப் பாருங்கள், வட்டெழுத்தும் மடிப்புகளும் எழும்பி வரும். வேளிக்கு மறுபடி போவதாக இருந்தால் அதற்குப் பிறகு போங்கள், சாயங்காலமாக.